கட்டைவிரல் நிக்கக் கூடாது: மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 13 பாட்டு

ஹெட்செட் பக்கத்துல இருக்கா? இருந்தா, இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு கேட்டுட்டு வாங்க. பாட்டோட பேர் ‘லூயிஸ் காலின்ஸ்’. பாடினவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். தேடும்போது 1928 ரெக்கார்டிங்னு பார்த்து எடுங்க. 1960-களில் அவரே மறுபடி பாடினதும் கிடைக்கும், அதை அப்புறமா கேட்கலாம். மொத்தம் மூணு நிமிஷம்தான்.

கேட்டாச்சா? இப்போ ஒரு கேள்வி. உங்க காதுல எத்தனை கிதார் விழுந்துச்சு?

முதல் தடவை கேட்டப்போ நான் ரெண்டுன்னுதான் நினைச்சேன். ஒருத்தர் கீழ் ஸ்வரத்துல கடிகாரம் மாதிரி டும்-டும்-டும்-டும்னு போய்ட்டே இருக்கார். இன்னொருத்தர் அது மேல மெட்டு வாசிக்கிறார். உண்மையில அந்த அறையில இருந்தது ஒரே கிதார், அதை வாசிச்சது ஒரே ஆள், பாடினதும் அதே ஆள். தேதி 1928 டிசம்பர் 21, இடம் நியூயார்க். ஒரு டிராக் மேல இன்னொரு டிராக் ஏத்துற வசதி அன்னிக்குக் கிடையாது. தப்பான இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுற வசதியும் கிடையாது.

அந்த ஒரு ஆள் ரெண்டு ஆள் மாதிரி கேட்கிறது எப்படின்னு இந்தக் கட்டுரையில பார்க்கலாம். கிதார் இருந்தா வாசிச்சுப் பார்க்கலாம், இல்லன்னா மேசையில தட்டிப் பார்க்கலாம். அதுகூட அந்த ரெக்கார்டிங் எப்படி நடந்துச்சு, அதுக்கு அப்புறம் அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுங்கறதையும் சொல்றேன். கடைசி பாகத்துக்காகத்தான் இதை எழுதவே ஆரம்பிச்சேன். ஆனா முதல் ரெண்டும் தெரியலன்னா அதோட கனம் புரியாது.

முதல்ல, கன்ட்ரி புளூஸ்னா என்ன?

அமெரிக்காவுல அடிமை முறை 1865-ல சட்டப்படி முடிஞ்சது. ஆனா தெற்கு மாநிலங்கள்ல நிலம் பெரும்பாலும் பழைய முதலாளிங்க கையிலேயே இருந்தது. விடுதலையான கறுப்பின மக்கள்ல ஏராளமான பேர் அதே நிலத்துல வாரத்துக்குப் பயிர் செஞ்சாங்க. பருத்தி விளைஞ்சதும் பாதி முதலாளிக்கு. விதைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கின கடனை மீதிப் பாதியில கழிக்கணும். அந்த வாழ்க்கைக்குள்ள இருந்து 19-ஆம் நூற்றாண்டோட கடைசியிலயும் 20-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துலயும் உருவான இசைதான் புளூஸ்.

இசைத்தட்டுக்கு அது வந்தது 1920-ல. மேமி ஸ்மித் ‘ஓகே’ கம்பெனிக்காகப் பாடின ‘கிரேஸி புளூஸ்’ எதிர்பார்க்காத அளவுக்கு வித்துச்சு. அதுக்கு அப்புறம் சில வருஷம் தட்டுல வந்ததெல்லாம் பெரும்பாலும் நகரத்து மேடையில பேண்டோட பாடின பெண்கள் பாட்டு. 1926-ல டெக்சாஸ்ல இருந்து பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன்னு ஒரு பார்வையற்ற பாடகர் வந்தார். கூட பேண்ட் இல்ல, கையில கிதார் மட்டும். அவர் தட்டும் நல்லா வித்துச்சு. கிராமத்துல தனியா உட்கார்ந்து பாடுற ஆளுக்கும் சந்தை இருக்குன்னு கம்பெனிகளுக்குத் தெரிஞ்சது. மைக்கையும் மெழுகுத் தட்டையும் தூக்கிட்டுத் தெற்குப் பக்கம் கிளம்பினாங்க. இந்தத் தனி ஆள் கிதார்ப் பாட்டைத்தான் பின்னாடி ‘கன்ட்ரி புளூஸ்’னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சாமுவேல் சார்ட்டர்ஸ் 1959-ல எழுதின புத்தகம் அந்தப் பேரைப் பரப்புச்சு.

இதுல கவனிக்க வேண்டிய ஒன்னு இருக்கு. கறுப்பினப் பாடகர்களோட தட்டுக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’னு தனி வரிசை எண், தனிப் பட்டியல். வெள்ளைக்காரக் கிராமத்துப் பாடகர்களுக்கு இன்னொரு பட்டியல். கடையில ரெண்டும் பிரிஞ்சு இருந்தது. ஊருக்குள்ள பாட்டு அப்படிப் பிரிஞ்சு இல்ல. அதுக்கு ஜான் ஹர்ட்டே ஒரு சாட்சி.

யார் இந்த ஜான் ஹர்ட்?

ஜான் ஸ்மித் ஹர்ட். மிசிசிப்பி மாநிலத்துல கேரல் கவுன்ட்டின்னு ஒரு பகுதி. அங்க டியோக்ல பிறந்து, பக்கத்துல அவலான்ங்கற சின்ன ஊர்ல வளர்ந்தார். பிறந்தது 1892-ன்னும் 1893-ன்னும் ரெண்டு விதமா சொல்றாங்க. கிட்டத்தட்ட ஒன்பது வயசுல கிதார் கைக்கு வந்தது. யார்கிட்டயும் உட்கார்ந்து முறையா கத்துக்கல. வாழ்நாள் முழுக்க விவசாய வேலைதான், கொஞ்ச காலம் ரயில்பாதை வேலையும் பார்த்தார். சனிக்கிழமை ராத்திரி அக்கம்பக்கத்து வீட்டு விசேஷம், நடனம்னா கூப்பிடுவாங்க, போய் வாசிப்பார். ஊர் ஊரா சுத்துற தொழில்முறைப் பாடகரா அவர் எப்பவும் இருந்ததில்ல.

அதே ஊர்ப்பக்கம் வில்லி நார்மர்னு ஒரு வெள்ளைக்கார ஃபிடில் வாசிப்பாளர் இருந்தார். ஓகே கம்பெனி தயாரிப்பாளர் டாமி ராக்வெல் நார்மரைப் பார்க்க வந்தப்போ, இன்னொரு நல்ல ஆள் இருக்கார்னு நார்மர் கைகாட்டினது ஹர்ட்டை. கடைப் பட்டியல்ல சேராத ரெண்டு பேர், ஊர்ல ஒருத்தர் வாசிப்பை இன்னொருத்தர் நல்லா தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

ராக்வெல் கேட்டார், பிடிச்சுப் போச்சு. 1928 பிப்ரவரி 14, மெம்ஃபிஸ் நகரத்துல முதல் ரெக்கார்டிங். ஹர்ட்டுக்கு அப்போ வயசு முப்பத்தஞ்சு பக்கம். தட்டுல பேர் போடும்போது கம்பெனி முன்னாடி ‘மிசிசிப்பி’ன்னு சேர்த்துச்சு. விற்பனைக்காகத்தான்.

அந்த அறைக்குள்ள என்ன நடந்துச்சு?

1925-க்கு முன்னாடி ரெக்கார்டிங்னா ஒரு பெரிய கூம்பு. அதுக்கு முன்னாடி நின்னு சத்தமா பாடணும். பாட்டோட காத்தழுத்தம் நேரடியா ஊசியை ஆட்டி மெழுகுல கோடு கீறும். நடுவுல ஆம்ப்ளிஃபையர் எதுவும் இல்ல. மெல்லப் பாடினா கோடே விழாது. மேல் ஃப்ரீக்வன்ஸி கிட்டத்தட்ட 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல கிடைக்கிறது கஷ்டம்.

1925-ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோட மின்சார முறை நடைமுறைக்கு வந்தது. மைக், வால்வு ஆம்ப்ளிஃபையர், மின்காந்தத்துல ஆடுற வெட்டு ஊசி. வரம்பு 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போச்சு. நம்ம ஃபோன் கால் 3,400 ஹெர்ட்ஸ்ல ரொம்ப காலம் ஓடிச்சுங்கறதை நினைச்சா இது குறைவில்ல. ஹர்ட் கத்திப் பாடுற ஆள் இல்ல. பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி பாடுவார். கூம்புக் காலத்துல அவர் வந்திருந்தா அந்தக் குரல் மெழுகுல சரியா விழுந்திருக்காது. நாம இன்னிக்கு அவரைக் கேட்கிறதுக்கு அந்த ஆம்ப்ளிஃபையரும் ஒரு காரணம்.

வசதி இருந்தாலும் நெருக்கடியும் இருந்தது. 10 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுத்து, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். ஊர்ல நடனத்துக்குப் பத்து நிமிஷம் போற பாட்டைக்கூட அதுக்குள்ள அடக்கணும். மெழுகைப் போட்டுக் கேட்டா அதுலயே கோடு கெட்டுப் போகும், அதனால அதை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பி, உலோக முலாம் பூசி அச்சு எடுப்பாங்க. நடுவுல ஒரு விரல் தப்பினா மொத்தமும் முதல்ல இருந்து.

மெம்ஃபிஸ் அனுபவத்தை ஹர்ட் வயசான காலத்துல சொல்லியிருக்கார். பெரிய கூடம், உள்ள மொத்தமே மூணு பேர். அவரை நாற்காலியில உட்கார வச்சு, மைக்கை வாய்க்கிட்ட கொண்டு வந்து, சரியான இடம் கிடைச்சதும் தலையை அசைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். பதட்டமும் கழுத்து வலியுமா இருந்ததாம். அந்த ‘ஃப்ராங்கி’ பாட்டை இப்போ கேட்டுப் பாருங்க. பதட்டம் எங்கயாவது தெரியுதா? கை அவ்வளவு வேகமா, அவ்வளவு சுத்தமா ஓடுது.

மெம்ஃபிஸ்ல எடுத்தது எட்டுப் பாட்டு. வெளிவந்தது ‘ஃப்ராங்கி’, ‘நோபடிஸ் டர்ட்டி பிஸினஸ்’ ரெண்டு மட்டும். மத்த ஆறும் போயே போச்சு. அதே வருஷம் டிசம்பர் 21, 28 தேதிகள்ல நியூயார்க்குக்குக் கூப்பிட்டாங்க. அதுல 11 பாட்டு இன்னிக்குக் கிடைக்குது. மொத்தம் 13. அதுல 12 அப்போ ஆறு தட்டா வெளிவந்தது, ஒன்னு வெளிவராமலே சோதனைப் பிரதியில தப்பிப் பிழைச்சது. இவ்வளவுதான் இளவயசு ஜான் ஹர்ட்.

பாடம்: கட்டைவிரல் கதை

இப்போ அந்த ரெண்டு கிதார் ரகசியம். கிதார் இல்லாதவங்க மேசையில தட்டலாம், கவலை வேண்டாம்.

வலது கையைப் ரெண்டு ஆளாப் பிரிங்க. கட்டைவிரல் ஒரு ஆள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து இன்னொரு ஆள். கட்டைவிரலுக்குத் தடிச்ச கம்பிகள்: 6, 5, 4. மத்த ரெண்டு விரலுக்கு மெல்லிய கம்பிகள்: 3, 2, 1. கட்டைவிரலுக்கு ஒரே ஒரு விதி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கம்பியைத் தட்டணும், கீழ்க் கம்பி, மேல்க் கம்பின்னு மாத்தி மாத்தி. என்ன ஆனாலும் நிக்கக் கூடாது. பாட்டு நின்னாலும், இடது கை கார்டு மாத்துற நேரத்துலயும், மெட்டு எங்கயோ தாவினாலும், அது போய்ட்டே இருக்கணும். இதுக்கு ‘ஆல்டர்னேட்டிங் பாஸ்’னு பேர்.

மெட்டு விரல்கள் வேற மாதிரி. சில நேரம் கட்டைவிரலோட சேர்ந்து விழும். பல நேரம் ரெண்டு அடிக்கு நடுவுல விழும். இப்படி நடுவுல விழறதைத்தான் சிங்கோபேஷன்னு சொல்றாங்க. ஒன்னு நேரா போகுது, இன்னொன்னு அதோட இடுக்குல போகுது. காது அதை ரெண்டு ஆள்னு பிரிச்சுக்குது.

எண்ணுறதுக்கு நம்ம கிட்ட நல்ல வழி இருக்கு: தக திமி தக ஜுனு. மொத்தம் எட்டு எழுத்து, நாலு அடி. ஒரு அடிக்கு ரெண்டு எழுத்து. அடி விழற எழுத்து த, தி, த, ஜு. இடுக்கு எழுத்து க, மி, க, னு.

இடது கையில சி கார்டு பிடிங்க. இப்போ வலது கை:

முதல் த: கட்டைவிரல் 5-ஆம் கம்பி, அதே நொடியில நடுவிரல் 1-ஆம் கம்பி. கிள்ளுற மாதிரி ரெண்டும் சேர்த்து.
க: சும்மா இருங்க.
தி: கட்டைவிரல் 4-ஆம் கம்பி.
மி: ஆள்காட்டி விரல் 2-ஆம் கம்பி.
இரண்டாவது த: கட்டைவிரல் மறுபடி 5.
க: நடுவிரல் 1-ஆம் கம்பி.
ஜு: கட்டைவிரல் 4.
னு: சும்மா இருங்க.

திரும்ப முதல்ல இருந்து. முதல் நாள் ஒரு எழுத்துக்கு ஒரு வினாடி எடுத்துக்கோங்க, தப்பில்ல. மேசையில தட்டுறவங்க: கட்டைவிரலால த, தி, த, ஜு தட்டுங்க. அது தானா ஓட ஆரம்பிச்சதும் ஆள்காட்டி விரலை ‘மி’யில, நடுவிரலை முதல் ‘த’யிலயும் ரெண்டாவது ‘க’விலயும் போடுங்க.

முதல் அரை மணி நேரத்துல என்ன நடக்கும்னு முன்கூட்டியே சொல்றேன். ஆள்காட்டி விரல் ‘மி’யில விழறப்போ கட்டைவிரலும் கூட விழப் பார்க்கும், இல்லன்னா நின்னுடும். எனக்கு மூணு வாரம் அப்படித்தான். என் ரூம்மேட் ஹெட்செட் வாங்கினதே அந்த மூணு வாரத்துலதான். செய்யக் கூடாத தப்பு, மெட்டு விரலைச் சரி பண்றதுக்காகக் கட்டைவிரலை நிறுத்துறது. மெட்டு தப்பினா தப்பட்டும், கட்டைவிரல் போகட்டும். அது யோசிக்காமப் போக ஆரம்பிச்ச பிறகுதான் மேல என்ன வேணும்னாலும் வைக்க முடியும்.

இதோட அடுத்த படி பாடுறது. கட்டைவிரல் ஒரு ஆள், மெட்டு விரல் ஒரு ஆள், குரல் மூணாவது ஆள். ஹர்ட்டோட பாட்டுல சில இடத்துல குரல் ஒரு வரியோட முடிவை விட்டுடும், கிதார் அந்த மிச்ச வார்த்தையை மெட்டுல சொல்லி முடிக்கும். அந்த இடங்களைத் தேடிக் கண்டுபிடிங்க.

எந்த வரிசையில கேட்கலாம்?

13 பாட்டையும் சேர்த்தா முக்கால் மணி நேரம் கூட வராது. ஆனா ஒரே மூச்சுல கேட்டா எல்லாம் ஒன்னு போலத் தோணும். அதனால ஒரு வரிசை சொல்றேன்.

முதல்ல ‘ஃப்ராங்கி’. 1899-ல செயின்ட் லூயிஸ் நகரத்துல ஃப்ராங்கி பேக்கர்ங்கற பெண் தன் காதலனைச் சுட்ட உண்மைச் சம்பவத்துல இருந்து பிறந்த பாட்டு. இதுல கிதார் வழக்கமான டியூனிங்ல இல்ல. கம்பிகளைத் திறந்து தட்டினாலே ஜி கார்டு கேட்கிற மாதிரி மாத்தியிருக்கார். கம்பிகளோட அதிர்வு கூடுதலா மணி மாதிரி கேட்கிறதுக்கு அது ஒரு காரணம்.

அடுத்து ‘ஸ்டாக் ஓ லீ’. 1895 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அதே செயின்ட் லூயிஸ்ல லீ ஷெல்ட்டன் பில்லி லயன்ஸைச் சுட்ட கதை. அப்புறம் மறுபடி ‘லூயிஸ் காலின்ஸ்’. இதுவும் கொலைதான். ஆனா முதல்ல கேட்டப்போ உங்களுக்கு அப்படித் தோணுச்சா? தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு, செத்தவனோட அம்மா அழறாங்க. கோபமும் இல்ல, கூச்சலும் இல்ல. ஊர்ல பேசிக்கிட்டதைக் கேட்டு இந்தப் பாட்டைக் கட்டினதா ஹர்ட் சொல்லியிருக்கார். மத்த பாட்டு எல்லாம் கொலை செஞ்சவங்க பேர்ல இருக்கு. இது செத்தவன் பேர்ல இருக்கு.

அதுக்கு அப்புறம் ‘ஸ்பைக் டிரைவர் புளூஸ்’. இதுக்கு ஒரு பின்னணி வேணும். ஜான் ஹென்றின்னு அமெரிக்காவுல ஒரு நாட்டார் நாயகன். மலையைக் குடைஞ்சு ரயில் விடுற வேலையில, நீராவித் துளைப்பான் வந்தப்போ கையில சுத்தியலோட அதுகூடப் போட்டி போட்டு ஜெயிச்சு, அந்த இடத்துலயே விழுந்து செத்தவர். பெரும்பாலான பாட்டு அவர் வீரத்தைப் பாடும். ஹர்ட்டோட பாட்டுல பேசுறவன் வேற ஆள். இந்தச் சுத்தியல் ஜான் ஹென்றியைக் கொன்னுச்சு, என்னைக் கொல்லாதுன்னு சொல்லி, சுத்தியலை மேஸ்திரிகிட்ட திருப்பிக் கொடுத்துட்டுக் கிளம்புறான். மெட்டு கிட்டத்தட்ட ஒரே கார்டுல நடக்குது, நடந்து போற ஆளோட காலடி மாதிரி. கட்டைவிரல் நிக்காம இருக்கிறதோட அர்த்தம் எனக்கு இந்தப் பாட்டுல இன்னொரு விதமாப் புரிஞ்சது. வேலையில விழுந்து சாகுறதை வீரம்னு நம்மகிட்ட யாராவது சொல்லும்போது இந்தப் பாட்டு நினைவுக்கு வருது. பிளேஸ்மென்ட் சீசன்ல கேட்க நல்ல பாட்டு.

பிறகு ‘பிரேயிங் ஆன் தி ஓல்ட் கேம்ப் கிரவுண்ட்’, ‘பிளெஸ்ட் பி தி நேம்’. ரெண்டும் தேவாலயப் பாட்டு. இதோட ‘கேண்டி மேன் புளூஸ்’ கேளுங்க. அது முழுக்க இரட்டை அர்த்தம். மூணையும் பாடினது ஒரே வாரத்துல, ஒரே குரல், ஒரே நிதானம்.

கடைசியா ‘அவலான் புளூஸ்’. இதைக் கடைசியில வச்சதுக்குக் காரணம் இருக்கு.

ஒரு பாட்டுக்குள்ள ஒரு விலாசம்

1928 டிசம்பர். ரெக்கார்டிங்குக்காக நியூயார்க் வந்த ஹர்ட்டுக்கு ஊர் ஞாபகம். அந்த ஏக்கத்துல கட்டின பாட்டு ‘அவலான் புளூஸ்’. நியூயார்க் எப்படி இருந்தாலும் அவலான்தான் என் ஊர், எப்பவும் மனசுல இருக்குங்கற மாதிரி ஒரு பாட்டு. டிசம்பர் 21-ல அதைப் பதிவு பண்ணிட்டு, வேலை முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பிட்டார்.

தட்டுகள் பெருசா விற்கல. 1929 அக்டோபர்ல பங்குச் சந்தை விழுந்தது, பின்னாலேயே இசைத்தட்டு வியாபாரமும் விழுந்தது. கம்பெனி திரும்பக் கூப்பிடல. ஹர்ட் பழையபடி வயல் வேலைக்குப் போனார். சனிக்கிழமை வாசிச்சார். முப்பத்தஞ்சு வருஷம் இப்படியே போச்சு.

இதுக்கு நடுவுல 1952-ல ஹாரி ஸ்மித்ங்கறவர் பழைய தட்டுகள்ல இருந்து 84 பாட்டைத் தேர்ந்தெடுத்து ஃபோக்வேஸ் கம்பெனி மூலமா ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார். அதுல ஹர்ட்டோட ‘ஃப்ராங்கி’யும் ‘ஸ்பைக் டிரைவர் புளூஸ்’ஸும் இருந்தது. கிதார் கத்துக்கிட்ட ஒரு தலைமுறை அந்த ரெண்டு பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. பாடினவர் எப்பவோ இறந்திருப்பார்னு பல பேர் நினைச்சாங்க. அவரோ அவலான்ல மாடு மேய்ச்சுட்டு இருந்தார். தன்னோட தட்டை யாரோ கேட்டு விரல் பழகுறாங்கன்னு அவருக்குத் தெரியாது.

1963-ல வாஷிங்டன் பக்கம் டிக் ஸ்பாட்ஸ்வுட்ங்கற சேகரிப்பாளரும் அவர் நண்பர் டாம் ஹாஸ்கின்ஸும் ‘அவலான் புளூஸ்’ பதிவைக் கேட்டாங்க. ஊர் பேரைச் சொல்றாரேன்னு வரைபடத்துல தேடினா அப்படி ஒரு ஊரே இல்ல. பழைய அட்லஸ் ஒன்னுல மிசிசிப்பியில கிரீன்வுட்டுக்கும் கிரனடாவுக்கும் நடுவுல அவலான் கிடைச்சது. ஹாஸ்கின்ஸ் கிளம்பிப் போனார். ஊர்க் கடையில விசாரிச்சார். ஜான் ஹர்ட்டா, அந்தப் பக்கம் போங்கன்னு வழி காட்டினாங்க.

அது எந்த மாதிரி வருஷம்னு யோசிங்க. அதே 1963 ஜூன்ல, அதே மாநிலத்துல, கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க. அந்தச் சூழல்ல முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்து உங்க பேர் என்னன்னு கேட்டா பயம் வருமா, வராதா? போலீஸோ அரசாங்க ஆளோன்னுதான் ஹர்ட் முதல்ல நினைச்சாராம். அவர்தான் அந்த ஆள்னு உறுதி பண்ண ஹாஸ்கின்ஸ் கிதாரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எழுபது வயசு. கை கொஞ்சம் மெதுவாகியிருந்தது. ஆனா அந்தக் கட்டைவிரல் அப்படியே இருந்தது.

அந்த ஜூலைல நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில அவர் உட்கார்ந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் பாட்டுகளைப் பதிவு பண்ணுச்சு. புது ஆல்பம், கல்லூரிக் கச்சேரின்னு மூணு வருஷம் சொச்சம். 1966 நவம்பர் 2-ல கிரனடாவுல இறந்தார்.

இதை எப்படி எடுத்துக்கிறது?

இந்தக் கதையை ‘திறமை இருந்தா ஒரு நாள் உலகம் தேடி வரும்’னு முடிக்கிறது சுலபம். நான் அப்படி முடிக்க மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்க. மூணு நாள் ரெக்கார்டிங், முப்பத்தஞ்சு வருஷம் ஒன்னுமில்ல, மூணரை வருஷம் மேடை. உலகம் தேடி வந்ததுக்குக் காரணம் திறமை மட்டும் இல்ல. அவர் ஊர் பேரைப் பாட்டுல வச்சிருந்தார், அந்தப் பாட்டு மெம்ஃபிஸ் ஆறு பாட்டு மாதிரி தொலையாம இருந்தது, கேட்டவங்க அந்த ஒரு வார்த்தையைக் கவனிச்சாங்க. இதுல ஒன்னு தவறியிருந்தாலும் அவர் அவலான்லயே மாடு மேய்ச்சு முடிச்சிருப்பார். அதே அளவு திறமையோட, பாட்டுல ஊர் பேர் வைக்காத எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு நமக்குத் தெரிய வழியே இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த முப்பத்தஞ்சு வருஷத்துல யாரும் தட்டு போடல, ஆனாலும் அவர் கை விட்டுப் போகல. வாசிக்கிறதுக்கு ஒரு மேடையோ கம்பெனியோ தேவைன்னு அவர் என்னிக்கும் வச்சுக்கல. 1928 பதிவையும் 1960-கள் பதிவையும் அடுத்தடுத்து கேட்டா இது புரியும். வேகம் குறைஞ்சிருக்கு, குரல் கனத்திருக்கு, கை ஓடுற விதம் அதேதான். இதைப் படிச்சு நம்ப வேண்டாம், ‘ஸ்பைக் டிரைவர்’ ரெண்டு பதிவையும் போட்டுக் கேட்டு நீங்களே சொல்லுங்க.

அப்போ வீட்டுப்பாடம் ரெண்டு. ஒன்னு, இன்னிக்கு ராத்திரி 13-ல அஞ்சு பாட்டாவது மேல சொன்ன வரிசையில கேளுங்க. முதல் தடவை குரலை மட்டும், ரெண்டாவது தடவை கட்டைவிரலை மட்டும். ரெண்டு, நாளைக்கு பஸ்லயோ பெஞ்சுலயோ தக திமி தக ஜுனு. விரல் தடுமாறும், பக்கத்துல இருக்கிறவங்க பார்ப்பாங்க, பரவாயில்ல.

கட்டைவிரலை மட்டும் நிறுத்தாதீங்க.